வேலையை விட்டுவிட்டுச் சீட்டாடப் போகலாமா?

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் கொடுத்து முடித்த கையோடு பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து ஏதாவது சம்பாதிக்க முடியுமா?" என்பதுதான் அது. டேட்டா என்ட்ரி, விளம்பரங்களைக் கிளிக் செய்தல், ஷேர் மார்க்கெட் என்று இந்தக் கேள்விக்குக் காலத்துக்கு ஒரு பதில் வந்துகொண்டே இருக்கும். கடந்த சில வருடங்களில், குறிப்பாக ஐ.டி. துறையில் இருக்கும் இளைஞர்களிடம், அடிக்கடி காதில் விழுந்த பதில் போக்கர். பொழுதுபோக்காக ஆடுவதைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, முழுநேரத் தொழிலாகப் போக்கர் ஆடிப் பிழைப்பதைப் பற்றியே சொல்ல வருகிறேன்.

நானும் ஐ.டி. துறையில்தான் இருக்கிறேன். சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. "சூது கெட்டது" என்ற ஒரே வரியோடு இந்த விஷயத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால் இந்த எண்ணத்தில் இருக்கும் எவரும் காதில் வாங்கப் போவதில்லை. போக்கர் உண்மையிலேயே திறமைக்கு இடம் உள்ள ஆட்டம். தொழிலாகவே ஆடி, நன்றாக வாழ்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். எனவே இதை ஒரு வேலை மாற்றம் போலவே எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அதிகம் ஆடப்படும் வகை டெக்ஸாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டுகள். நடுவில் அனைவருக்கும் பொதுவாக 5 சீட்டுகள். சீட்டு பிரிக்கும் முன்பே ஒருவர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகையைப் பிக் பிளைண்ட் என்கிறார்கள். அந்தத் தொகைதான் மேஜையின் அளவுகோல். லாப நஷ்டம் எல்லாமே "100 ஆட்டத்துக்கு எத்தனை பிக் பிளைண்ட்" என்ற கணக்கில்தான் பேசப்படும். நம் ஊர் மூணு சீட்டை விட ரம்மிக்கு நெருக்கமான மூளை வேலை இது. ஆனால் ரம்மியை விடப் பணம் வேகமாகக் கை மாறும்.

இந்த ஆசைக்கு விதை போட்டவர் பெயரே வேடிக்கையானது. கிறிஸ் மணிமேக்கர் என்பவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த அக்கவுண்டன்ட். 2003-இல் ஒரு இன்டர்நெட் தளத்தில் சிறு தொகை கட்டி ஆடிய தகுதிப் போட்டியில் ஜெயித்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள உலகப் போட்டிக்குப் போனார். அங்கே 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதற்குப் பிறகு அக்கவுண்டன்ட் வேலையை விட்டுவிட்டுப் போக்கருக்கே போய்விட்டார். அடுத்த வருடம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006-இல் 8,773 பேர். வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வைத்திருந்த ஒவ்வொருவரும் "நானும் அவரைப் போல ஒரு சாதாரண ஆள்தானே" என்று நினைத்தார்கள். 2003-இல் தோற்ற மற்ற 838 பேர் அடுத்த நாள் என்ன செய்தார்கள் என்று யாரும் படம் எடுக்கவில்லை.

என் நண்பரின் ஸ்ப்ரெட்ஷீட்

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ராஜினாமா செய்வது என்று முக்கால்வாசி முடிவு செய்த நிலையில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை எனக்கு அனுப்பினார். ஆடிய ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம், எத்தனை ஆட்டம், எவ்வளவு வரவு என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். இந்த ஒழுங்குக்கே அவரைப் பாராட்ட வேண்டும்; பெரும்பாலானவர்கள் வென்ற நாட்களை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். மொத்தம் 40,000 ஆட்டங்கள். பிக் பிளைண்ட் 10 ரூபாய் உள்ள மேஜைகள். லாபம் 16,000 ரூபாய். அதாவது 100 ஆட்டத்துக்கு 4 பிக் பிளைண்ட் லாபம்.

"இது சூதாட்டம் இல்லடா, வெறும் கணக்கு. 10 ரூபாய் மேஜையில 16,000 வந்தா 100 ரூபாய் மேஜையில 1,60,000 வரும்" என்றார். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தங்கை படிக்கிறாள், வீட்டுக் கடன் தவணை இவர் சம்பளத்தில் போகிறது. அதனால்தான் அந்த பைலை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று பதில் அனுப்பவில்லை.

எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு நிகழ்தகவுப் பாடத்தில் வந்த நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன் நினைவிருக்கலாம். பாஸ் ஆனால் போதும் என்று எழுதிய பேப்பர் அது. இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. போக்கரில் சராசரி லாபம் என்பது ஒரு எண். அந்தச் சராசரியைச் சுற்றி முடிவுகள் எவ்வளவு தூரம் ஆடும் என்பது இன்னொரு எண். ஆறு பேர் ஆடும் மேஜையில் இந்த இரண்டாவது எண் 100 ஆட்டத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 110 பிக் பிளைண்ட். நான் 90 என்று எடுத்துக்கொண்டேன். லாபம் 4, ஆட்டம் 90. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் ஓரளவு புரிந்துவிடும்.

நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். எக்செல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்; அது இலவசம். ஒரு செல்லில் நார்ம்இன்வ் என்ற பங்ஷனைக் கொடுங்கள். அதற்கு மூன்று மதிப்புகள் தேவை. முதலாவது இடத்தில் ராண்ட் பங்ஷன், இரண்டாவது இடத்தில் சராசரி லாபம், மூன்றாவது இடத்தில் 90. இந்த ஒரு செல் 100 ஆட்டங்களுக்குச் சமம். இதைக் காப்பி செய்து 500 வரிகளுக்குக் கீழே இழுத்துவிட்டால் 50,000 ஆட்டங்கள் ஆகிவிட்டன. கடைசியில் சம் பங்ஷனால் கூட்டுங்கள். இப்போது எப்9 கீயை அழுத்த அழுத்த, ஒவ்வொரு முறையும் புதிதாக 50,000 ஆட்டம் ஆடி முடித்த ஒரு ஆளின் கணக்கு உங்கள் முன் வரும்.

சராசரி லாபத்தை 5 என்று வைத்து ஆடிப் பாருங்கள். இது மிக நல்ல ஆட்டக்காரரின் அளவு. 50,000 ஆட்டத்துக்குப் பிறகு 100-க்கு 11 முறை அவர் நஷ்டத்தில் நிற்பார். லாபத்தை 2 ஆக்குங்கள். 100-க்கு 31 முறை நஷ்டம். இப்போது அதை மைனஸ் 1 ஆக்குங்கள். அதாவது நிச்சயமாகத் தோற்கிற ஒரு ஆட்டக்காரர். 50,000 ஆட்டத்துக்குப் பிறகும் 100-க்கு 40 முறை அவர் கையில் லாபம் இருக்கும்! தான் தோற்கிற ஆள் என்பது அவருக்கே தெரியாது. அவர் வேலையை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

நண்பரின் 40,000 ஆட்டத்தையும் இதே முறையில் பார்த்தேன். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற நிலையில் உள்ள 100 பேரை 40,000 ஆட்டம் ஆட விட்டால், அவர்களில் 19 பேர் என் நண்பர் பெற்ற அளவோ அதற்கு மேலோ லாபம் காட்டுவார்கள். நண்பர் அந்த 19 பேரில் ஒருவரா, உண்மையிலேயே திறமைசாலியா என்று அந்த ஷீட்டை வைத்துச் சொல்லவே முடியாது. திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். சாப்ட்வேரில் ஒரு புரோகிராமை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளருக்கு அனுப்ப நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். வாழ்க்கையை மட்டும் எப்படி அனுப்புவது?

(அந்த 16,000 ரூபாயை அவர் செலவழித்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய் சுமார் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. நார்மல் டிஸ்ட்ரிப்யூஷனுக்கு மாறவில்லை.)

2025 ஆகஸ்ட்டுக்குப் பிறகு

இந்தக் கணக்கில் ஒரு பெரிய மாற்றத்தைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சீட்டாட்டம் பல வருடங்களாகவே கோர்ட்டுக்கும் சட்டசபைக்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தது. 2021-இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே வருடம் ரத்து செய்தது. 2022-இல் மாநில அரசு புதிய சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்ட்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்கவில்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவாக இருந்தாலும் தடை. நடத்துபவருக்கு 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். வங்கிகளும் பணம் அனுப்பும் சேவைகளும் அதற்குத் துணை போகக் கூடாது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அந்த மாதமே இந்தியத் தளங்கள் பணம் கட்டி ஆடும் மேஜைகளை மூடிவிட்டன.

இதற்குப் பிறகும், "வெளிநாட்டுத் தளம், இந்த ஏ.பி.கே. பைலை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று உங்களுக்கு மெசேஜ் வந்தால் தயவுசெய்து டெலிட் செய்துவிடுங்கள். பணம் போவது ஒரு பக்கம். உங்கள் போனில் வங்கி எஸ்.எம்.எஸ்.களைப் படிக்கும் அனுமதியையும் சேர்த்துக் கேட்கும் பைல் அது என்றால், கதை சீட்டாட்டத்தோடு முடியாது.

ஆக, இந்தியாவில் இருந்துகொண்டு சட்டப்படி தொழிலாக ஆட வேண்டும் என்றால், கோவாவில் உள்ளது போன்ற லைசென்ஸ் பெற்ற கேசினோக்களின் நேரடி மேஜைதான் மிச்சம். என் நண்பரின் திட்டமும் அதுவே. பணாஜியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் ஆடுவது. கேட்பதற்கு என்னவோ ஜம்மென்றுதான் இருக்கிறது.

ஆனால் ஆட்டத்தின் வேகத்தைப் பாருங்கள். ஆன்லைனில் ஒரே நேரத்தில் நான்கு மேஜை திறந்து வைத்தால் மணிக்கு 300 ஆட்டம் ஆடலாம். நேரடி மேஜையில் ஒரு ஆள் சீட்டைக் கலைத்து, பிரித்து, சிப்ஸ்களை எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு 30 ஆட்டம் நடந்தால் அதிகம். 100 ஆட்டத்துக்கு 5 என்ற லாபம் அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் சுமார் 1,30,000 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஆன்லைனில் இது வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் 11 வாரத்தில் முடிந்துவிடும். நேரடி மேஜையிலோ இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதாவது வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துத்தான், வேலையை விட்டது சரியா என்று தெரியும். சாப்ட்வேர் துறையில் இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாத வருமானத்தையும் போட்டுப் பார்த்துவிடுவோம். பிக் பிளைண்ட் 100 ரூபாய், மாதம் 160 மணி நேரம், 4,800 ஆட்டம், லாபம் 5. சராசரியாக மாதம் 24,000 ரூபாய். ஆனால் இந்த 24,000 சுற்றி ஆடும் அளவு ஏறத்தாழ 62,000 ரூபாய்! வருடத்தில் நான்கு மாதமாவது சம்பளத்துக்குப் பதில் கையை விட்டுப் பணம் போகும். நேரடி மேஜையில் சுற்றுலா வந்தவர்கள், பொழுதுபோக்காக ஆடுபவர்கள் அதிகம் என்பதால் லாபம் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். அது உண்மைதான். சரி, இரட்டிப்பாகவே வைத்துக்கொள்வோம். 48,000. அப்போதும் ஐந்து மாதத்துக்கு ஒரு மாதம் நஷ்டம்தான். கேசினோ எடுக்கும் கமிஷன், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் தனி. சீட்டாட்டத்தில் வென்ற பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம். அதைச் சம்பாதிக்க ஆன செலவைக் கழிக்கவோ, சீட்டில் விட்டதை வேறு வருமானத்தில் ஈடுகட்டவோ வழியில்லை.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இதற்கு அடுத்து வருகிறது. நமக்குச் சம்பளம் வந்தால் செலவழிக்கலாம். அடுத்த மாதம் கம்பெனி மறுபடி போடும். போக்கர்காரருக்குக் கையில் உள்ள பணமே தொழில் கருவி. தச்சர் உளியை விற்றுச் சாப்பிடுவது போலத்தான் அதிலிருந்து எடுப்பது. முதலாக 2 லட்சம் ரூபாய் வைத்து, மேலே சொன்ன 100 ரூபாய் மேஜையில், லாபம் 5 உள்ள ஆட்டக்காரர் ஒரு பைசா கூட வெளியே எடுக்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், என்றாவது ஒருநாள் முழுவதும் இழக்கும் வாய்ப்பு சுமார் 8 சதவீதம். அதே ஆள் மாதம் 14,400 ரூபாயைச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வீட்டுக்கும் என்று எடுத்தால் அந்த வாய்ப்பு 37 சதவீதமாகிவிடுகிறது. வருகிற லாபம் அத்தனையையும் எடுத்துச் செலவழித்தால், எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் காலப்போக்கில் முதல் காலியாவது நிச்சயம். வீட்டுக் கடன் தவணை கட்டும் ஒருவர் இந்தத் தொழிலுக்கு ஏன் பொருத்தமில்லை என்பதற்கு இதை விட வேறு காரணம் தேவையில்லை என்பது என் கருத்து. குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிராத, ஒரு வருடச் செலவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிற ஒருவருக்குக் கணக்கு வேறு.

கம்ப்யூட்டரை எவ்வளவு நம்பலாம்?

வெளிநாட்டில் குடியேறி, சட்டம் அனுமதிக்கும் நாட்டில் ஆன்லைனிலேயே ஆடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் எதிரில் மேஜை இல்லை, ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

52 சீட்டுகளைக் கலைத்தால் வரக்கூடிய வரிசைகள் எத்தனை தெரியுமா? 8 போட்டு அதன் பின்னால் 67 சைபர் போட்டால் வரும் எண்ணை விடச் சற்று அதிகம். கம்ப்யூட்டருக்கோ மனம் போன போக்கில் ஒரு எண்ணைச் சொல்லத் தெரியாது. "சீட்" எனப்படும் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து பார்முலா மூலம் அடுத்தடுத்த எண்களைக் கணக்கிட்டுத் தரும். ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும். (நம் சீட்டாட்டத்துக்கும் இந்த "சீட்" என்ற சொல்லுக்கும் சம்பந்தமில்லை. இது விதை.)

1999-இல் சில போக்கர் தளங்கள் பயன்படுத்திய சாப்ட்வேரின் கலைக்கும் புரோகிராமை, நேர்மையைக் காட்டுவதற்காக அதைத் தயாரித்தவர்களே வெளியிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் சாப்ட்வேர் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்யும் ஒரு குழு அதைப் படித்துப் பார்த்தது. தொடக்க எண் 32 பிட் அளவு. ஆகவே எத்தனை முயன்றாலும் சுமார் 429 கோடி வரிசைகளுக்கு மேல் வராது. அதோடு, அந்த எண்ணைக் கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்து, நள்ளிரவு முதல் எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று பார்த்து எடுத்தார்கள். ஒரு நாளில் இருப்பதே 8.64 கோடி மில்லி செகண்ட்தான். தங்கள் கடிகாரத்தைச் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்து வைத்ததும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. தன் கையில் உள்ள 2 சீட்டும் நடுவில் விழுந்த முதல் 3 சீட்டும் தெரிந்தால் போதும். 2 லட்சம் வரிசைகளில் எது பொருந்துகிறது என்று ஒரு சாதாரண பி.சி. தேடிச் சொல்லிவிடும். அடுத்து வரப்போகும் சீட்டுகள், எதிராளிகள் கையில் உள்ள சீட்டுகள் எல்லாம் திரையில்! அந்தக் குழு இதை வெளியே சொன்னதால் தெரிந்தது. இன்று பெரிய தளங்கள் ஹார்ட்வேரிலிருந்து கிடைக்கும் ராண்டம் எண்களைப் பயன்படுத்துகின்றன என்பதால் இந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

ஆனால் 2007-இல் வெளிவந்த விவகாரத்தில் ஓட்டை புரோகிராமில் இல்லை. அப்சல்யூட் போக்கர் என்ற தளத்தில் ஒரு ஆட்டக்காரர் நம்ப முடியாத அளவுக்குச் சரியாக ஆடி ஜெயித்தார். தோற்றவர் தன் ஆட்ட விவரத்தைக் கேட்டபோது, தளத்திலிருந்து அனுப்பிய எக்செல் பைலில் எல்லோருடைய மறைவுச் சீட்டுகளும், மேஜையை வேடிக்கை பார்த்தவர்களின் ஐ.பி. முகவரிகளும் சேர்ந்து வந்துவிட்டன. அதை மற்ற ஆட்டக்காரர்கள் வரி வரியாக அலசியபோதுதான், தளத்தின் உள்ளேயிருந்தே எதிராளிகளின் சீட்டுகளைப் பார்க்க முடிந்திருக்கிறது என்ற உண்மை வெளியே வந்தது.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய தளங்களை முடக்கியது. அவற்றில் ஃபுல் டில்ட் என்ற தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர் என்று அரசு வழக்கறிஞர்கள் தெரிவித்தார்கள். திரையில் தெரிந்த பாலன்ஸ் ஒரு டேட்டாபேஸில் இருந்த எண் மட்டுமே. 2012-இல் போட்டித் தளம் ஒன்று அதை வாங்கிக்கொண்ட பிறகு பணம் திரும்ப வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014-இல்தான் வரத் தொடங்கியது. மூன்று வருடம் சம்பளக் கணக்கு முடங்கினால் எப்படி இருக்கும்?

இத்தனையும் நேர்மையாக இருந்தாலும், எதிரில் ஆடுவது மனிதர்தானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற புரோகிராம், நான்கு தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 ஆட்டம் ஆடி 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸ் வித்தியாசத்தில் வென்றது. அதற்குச் சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இரண்டே வருடத்தில், 2019-இல், அதே பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் சேர்ந்து செய்த ப்ளூரிபஸ் ஆறு பேர் மேஜையிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது தன் அடிப்படை ஆட்ட முறையைக் கற்றுக்கொள்ள ஆன கம்ப்யூட்டர் செலவு சுமார் 150 டாலர். உங்கள் பிரிண்டரின் விலை இருக்கும். தளங்கள் இத்தகைய பாட்களைப் பிடித்து வெளியேற்றுவதும் அவை மறுபடி வருவதும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

"நான் எஞ்சினியர், எனக்குக் கணக்கு வரும்" என்ற நம்பிக்கையை நான் சந்தேகிப்பதும் இதனால்தான். 2003-இல் நிகழ்தகவு தெரிந்தவருக்கு மேஜையில் மற்றவர்களை விட ஒரு படி உயரம் இருந்தது. இன்று எந்த நிலையில் எப்படி ஆட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் சால்வர் சாப்ட்வேர்கள் விலைக்குக் கிடைக்கின்றன. எல்லோரும் ஒரே கைடை வாங்கிப் படித்துவிட்டு ஒரே பரீட்சை எழுதினால் ரேங்க் வாங்குவது எப்படி?

நண்பரிடம் நான் சொன்னது இதுதான். சம்பளத்தில் இருந்துகொண்டே, லீவு எடுத்துப் போய் ஆடு. ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வை. வீட்டுக் கடன் முடியட்டும். அல்லது ஒரு வருட வீட்டுச் செலவு தனிக் கணக்கில் சேரட்டும். ஆட்ட எண்ணிக்கையும் லாபமும் ஒரு நல்ல புள்ளியியல்காரர் தலையாட்டும் அளவுக்கு வந்தால், அப்போது நானே உன்னைக் கோவாவுக்கு ரயில் ஏற்றி விடுகிறேன். "அதுக்குள்ள எனக்கு 35 வயசாயிடும்" என்றார். ஆகலாம். ஆனால் கேசினோவில் 35 வயதுக்காரரை உள்ளே விடாமல் இருக்கப் போவதில்லை. 35 வயதில், ஐந்து வருட இடைவெளியோடு வருபவரைத்தான் இன்டர்வியூவில் வெளியே உட்கார வைப்பார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலை அவருடைய அம்மா தனியாகத் தயாரிக்க வேண்டியிருக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

அவர் இன்னும் முடிவு எடுக்கவில்லை. இப்போதைக்குத் தன் ஷீட்டில் ஒரு புதிய காலம் சேர்த்திருக்கிறார். அது வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொகை.

ஆட்டத்தை மட்டும் பழக விரும்பும் வாசகர்கள் போக்கர் டி.ஹெச். என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரை டவுன்லோடு செய்துகொள்ளலாம். பணம் எதுவும் இல்லாமல், கம்ப்யூட்டரையே எதிராளிகளாக வைத்து ஆட முடியும். இன்டர்நெட் கூட தேவையில்லை. ஆனால் அங்கே வரும் லாபத்தை மேலே சொன்ன ஷீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். பொய்ப் பணத்துக்கு யாரும் உண்மையாக ஆடுவதில்லை. ஷீட்டை 500 வரிக்குப் பதில் 5,000 வரி வரை நீட்டிப் பார்ப்பவர்கள், பழைய கம்ப்யூட்டராக இருந்தால் ஆட்டோமேட்டிக் கால்குலேஷனை நிறுத்திவிட்டு எப்9 அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு செல்லை மாற்றும்போதும் 5,00,000 ஆட்டம் புதிதாக ஆடப்பட்டு, மெஷின் திணறும்.